இடக்கைத் துண்டு

படிக்கட்டு வெட்டிய சவுக்காரக் கட்டியில் துணி துவைத்திருக்கிறீர்களா? நாங்கள் துவைத்தோம். ஒரு பக்கம் படி, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஓட்டை. ஓட்டையில் விரல் மாட்டிக்கொள்ளும். படியின் முனை சட்டைக் காலரைக் கிழிக்கப் பார்க்கும். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டுக் கிணற்றடியிலும் அந்தக் கோலத்தில் சவுக்காரம் கிடந்ததில்லை. உங்கள் ஊரில் கிடந்திருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

நம் வயதுக்கு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. எனக்கு இந்த வியாதி பதிமூன்று வயதிலேயே இருந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று பெயர். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். போன வாரம் தங்கை மகள் வந்திருந்தாள். இன்ஜினியரிங் படித்து வேலையில் இருப்பவள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ ஓர் இயந்திர உறுப்பைத் திரையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் விரல் பட்டவுடன் வந்து நின்றன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். இவளுடைய அம்மா தவழ்ந்துகொண்டிருந்த அந்த ஒரு கச்சான் காற்றுக் காலம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

எங்கள் ஊர் ஏர்வாடிக்குக் கிழக்கே கடலோரத்தில். வாப்பா லாஞ்சு மெக்கானிக். விசைப்படகை நாங்கள் லாஞ்சு என்றுதான் சொல்வோம். திங்கட்கிழமை பாம்பன் ரயிலேறித் தங்கச்சிமடம் போனாரென்றால் வியாழன் இரவு வருவார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்து தூங்குவார். எழுந்தால் மறுபடி திங்கட்கிழமை வந்துவிட்டது போல இருக்கும். அவருடைய கையில் டீசல் வாடை போகாது. நின்றுகொண்டே பேசுவார். அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும்.

அந்த வருடம் கடலில் தொல்லை. பாதி நாள் லாஞ்சுகள் கரையிலேயே கட்டிக் கிடந்தன. லாஞ்சு ஓடினால்தானே இன்ஜின் கெடும், இன்ஜின் கெட்டால்தானே மெக்கானிக்குக்குச் சோறு? வாப்பா முழு நாளும் வீட்டில் இருந்தார். கிணற்று ராட்டினத்துக்குக் கிரீஸ் போட்டார். கிரீச்சிடாத கதவைக் கழற்றி மாட்டினார், அது அதன்பிறகு கிரீச்சிட ஆரம்பித்தது. எனக்கு என்னைப் போலவே இன்னொரு ஆள் வீட்டுக்கு வந்ததாக ஒரே கொண்டாட்டம்.

சென்னையில் இருந்த ஓர் ஏஜென்ட் மூலம் சேதி வந்தது. சவூதியில் அமெரிக்கர்கள் நடத்தும் ஒரு பெரிய கம்பெனிக்கு ஃபிட்டர் எடுக்கிறார்கள். பரீட்சை உண்டு. ஒரு படம் தருவார்கள், ஓர் இரும்புத் துண்டு தருவார்கள். படத்தில் இருப்பதுபோல அறுத்து, அரம் போட்டுக் காட்ட வேண்டும். பாஸானால் விசா. அரம் போடுவதில் வாப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று தங்கச்சிமடத்திலேயே சொல்வார்கள். ஆனால் படத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்ஜினின் சத்தத்தைக் கேட்பார், கையை உள்ளே விடுவார், கோளாறு கையோடு வெளியே வரும். காகிதத்துக்கு அங்கே என்ன வேலை?

மாமா வந்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் முடித்து ராமநாதபுரத்தில் அரசு வேலையில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் பேனாவைச் சட்டைப்பையில் குத்திய முதல் ஆள். ஒரு வெள்ளிக்கிழமை தன்னுடைய பழைய வரைபலகை, டி ஸ்கொயர், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்க வீட்டில் நான் ஒருத்திதான். அப்படித்தான் நானும் பாயில் உட்கார வைக்கப்பட்டேன்.

மாமா புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"இது என்னான்னு சொல்லுங்க மச்சான்."

இரண்டு செவ்வகம், நாலைந்து கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டம். வாப்பா அதை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார்.

"ஆட்டுக்கல்லா மாப்ள?"

மாமா சிரித்த சிரிப்பில் தங்கச்சி விழித்துக்கொண்டு அழுதாள். அது புஷ். தண்டு தேயாமலிருக்க அதைச் சுற்றிப் போடும் வளையம். வாப்பா தன் ஆயுளில் ஒரு லாரி நிறைய மாற்றிப் போட்டிருப்பார். அவர் காது சிவந்துவிட்டது. எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. எனக்கும் அது ஆட்டுக்கல்லாகத்தான் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் வந்த தொல்லை ஒன்றுதான். ஒரு பெட்டியை வரை என்றால் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் வரைந்துவிடுவோம். முன்பக்கம் தெரியும், மேல்பக்கம் தெரியும், கொஞ்சம் அந்தண்டைப் பக்கமும் எட்டிப் பார்க்கும். "ஒரு நேரத்துல ஒரு பக்கத்தைத்தான் பாக்கணும். மத்தது இல்லவே இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்றார் மாமா. இருக்கிறதை இல்லையென்று நினைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீப்பெட்டியைப் பார்ப்போம். உம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவாள். "என்ன முசீபத்தோ, என்ன கேடோ" என்பாள்.

அடுத்து புள்ளிக்கோடு வந்தது. பின்னால் மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரும் கோட்டால் காட்ட வேண்டும். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாததை எதுக்கு வரையுறான்?"

"தெரியலைன்னாலும் அங்கன இருக்குல்ல வாப்பா."

"இருந்தா கையை விட்டுப் பாத்துக்கற வேண்டியதுதானே."

"படத்துக்குள்ள கையை விட முடியாதுல்ல."

அவர் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு புள்ளிக்கோட்டை அவர் விடவில்லை. எல்லாப் படத்திலும் அதைத்தான் முதலில் தேடுவார்.

எந்தப் பக்கத்தை எங்கே வரைவது என்பதற்கு மாமா ஒரு சுலபமான வழி சொன்னார். கட்டையைத் தாளின் மேல் முன்பக்கம் வானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். வலது பக்கமாக ஒரு புரட்டு புரட்ட வேண்டும். இப்போது மேலே வந்திருப்பது கட்டையின் இடப்பக்கம். ஆகவே இடப்பக்கமிருந்து பார்த்ததை வலப்பக்கம் வரைய வேண்டும். வாப்பா அதற்கு உருட்டு என்று பெயர் வைத்தார். "உருட்டிப் பாரு புள்ள" என்பார். உருட்டினால் சரியாக வரும். அதற்கடுத்த பாடத்தை நான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும் மாமா புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"அதை விடு. அது அமெரிக்காக்காரன் பழக்கம். நம்ம நாட்டுல இதுதான். ரெண்டையும் படிச்சா மச்சானுக்குக் கொழம்பிரும்."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். அந்தப் பக்கங்களை மடித்து ஓரத்தில் குண்டூசி குத்தியும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாமா இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை வந்தார், அப்புறம் வரத்துக் குறைந்தது. நானும் வாப்பாவும் தனியாக விடப்பட்டோம். கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மேற்கிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும். சோற்றில் மண், தலையணையில் மண். பென்சிலை இழுத்தால் தாளுக்கடியில் நறநறவென்று மண். காகிதம் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வைத்தோம். அப்படியும் பறக்கும். நான் எழுந்து ஓடிப் பிடிக்க வேண்டும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வாப்பா உட்கார்ந்தபடி காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். பலகை முழுதும் ஆடும். என் கோடுகளெல்லாம் சீலா மீனின் முள் மாதிரி நெளிந்திருக்கும்.

கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஏறவில்லை. கை கேட்டது. ஒரு நாள் கடையிலிருந்து நீளச் சவுக்காரக் கட்டியை வாங்கி வந்து, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால் படத்தில் உள்ளபடி அறுத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து தினமும் அதுதான். நான் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைத் தாளில் பெயர்த்து வரைவேன். அவர் சவுக்காரத்தில் அறுப்பார். அறுத்த கட்டியை நான் உருட்டி உருட்டிப் படத்தோடு ஒத்துப் பார்ப்பேன். தப்பாக இருந்தால் சிரிப்பேன். சரியாக இருந்தால் இன்னும் கஷ்டமான படத்தைத் தேடுவேன். நீலத் தூள் பாயெல்லாம் உதிரும். தங்கச்சி அதை நக்கிவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

உம்மா என்ன செய்வாளென்றால், நாங்கள் அந்தண்டை திரும்பியதும் கட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். போட்டுத் தேய் தேயென்று தேய்த்து, படியும் பள்ளமும் மழுங்கிப் போன பிறகுதான் கொண்டுவந்து வைப்பாள்.

"படிக்கிற கட்டியை ஏன் எடுத்தீங்க உம்மா?"

"சவுக்காரம் தேய்க்கத்தான். பாத்துக்கிட்டே இருக்க அது என்ன கொலுசா?"

அவளுக்கு விவரம் போதாது என்று மாமா சொன்னார். புருசன் முன்னேறுவதைப் பொறுக்காத பொம்பளை உண்டா என்று தெருவில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டில் ஒரு லாத்தா இருந்தாள், அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுடைய புருசனுக்குத் துபாயில் வேலை. வீட்டில் டேப் ரிக்கார்டர், ஃபாரின் கம்பளி, மின்விசிறி எல்லாம் உண்டு. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அந்த லாத்தா குளித்து, பூ வைத்து, கதவுக்குப் பின்னால் நிற்பாள். கடிதம் தராமல் அவர் தாண்டிப் போனதும் பூவை எடுத்துவிடுவாள். உம்மா எங்கள் கொல்லையிலிருந்து அதைப் பார்ப்பாள். நான் கம்பளியைப் பார்த்தேன், உம்மா பூவைப் பார்த்தாள். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது சவுக்காரம் போய்விட்டதே என்ற எரிச்சல்தான்.

வாப்பா சென்னைக்குப் போனார். அவர் போன நாட்களில் நான் நடந்த நடையைக் கணக்குப் போட்டால் ராமேஸ்வரத்துக்கே போயிருக்கலாம். திரும்பி வந்தபோது தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. எப்போதும் வேகமாக வரும் ஆள் மெதுவாக வந்தார். உள்ளே வந்து, செய்தித்தாளில் சுற்றிய இரும்புத் துண்டைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். என் கையளவு இருந்தது. ஒரு பக்கம் படி, ஓர் ஓரத்தில் வாய் மாதிரி ஒரு வெட்டு. கண்ணாடிபோல வழவழவென்று அரம் போட்டிருந்தார்.

"அளவு மயிரிழை பெசகலை. அந்த ஆளே சொன்னான்" என்றார். "அப்புறம் அவுக செஞ்சு வச்சிருந்த துண்டை எடுத்து என்னோடதுக்குப் பக்கத்துல வச்சான். சோடிச் செருப்பு மாதிரி இருந்துச்சு. அவன் கேட்டது வலது செருப்பு, நான் செஞ்சது இடது செருப்பு. இது இடக்கைத் துண்டாம். ஆகாதுன்னுட்டான்."

மாமா அன்றைக்கு மாலையே வந்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பது வயசுல மண்டையில ஏறாது மச்சான். ஒங்க மேல தப்பில்லை."

வாப்பாவின் கால் ஆடாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உம்மா என்ன செய்தாள் தெரியுமா? மறுநாள் நெய்ச்சோறு ஆக்கினாள். பெருநாளும் இல்லை, விருந்தாளியும் இல்லை. தங்கச்சிக்கு மை தீட்டிவிட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோற்றைத் தொடவில்லை. வாப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் எனக்குப் படுத்தாலும் உருளல், எழுந்தாலும் உளைச்சல். வாப்பா தப்பாகப் படித்திருக்க மாட்டார். அவருக்கு ஞாபகம் இருந்த பரீட்சைப் படத்தை அப்படியே வரையச் சொன்னேன். வரைந்தார். முன்பக்கம் ஒன்று, அதன் வலப்பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று. இரும்புத் துண்டை உருட்டிப் பார்த்தேன். உருட்டுக்கு அது அச்சாகச் சரியாக இருந்தது. எங்கே தப்பு? இரண்டு நாள் அந்தத் துண்டைத் தாவணி முனையில் முடிந்துகொண்டே திரிந்தேன்.

உம்மா கொல்லையில் கருவாட்டுக்குக் கட்டா மீன் பிளந்துகொண்டிருந்தாள். முதுகில் கத்தியை இறக்கி, வயிற்றுப் பக்கம் ஒட்டியிருக்க விட்டு, புத்தகம் மாதிரி விரித்தாள். உப்புத் தடவி, தோல் மேலே தெரியும்படி ஓலையில் கவிழ்த்துப் போட்டாள். ஒரு மீனின் வலது விலாவில் தூண்டில் கிழித்த காயம் ஒன்று இருந்தது. விரித்துப் போட்டதும் வயிறு நடுவில் இருந்தது, காயம் இருந்த விலா அதன் பக்கத்திலேயே படுத்திருந்தது. மறுபக்கத்து விலா மறுபக்கத்தில். மீனைப் புரட்டவில்லை, உருட்டவில்லை. எந்தப் பக்கம் எங்கே இருந்ததோ அங்கேயே விரிந்து கிடந்தது.

நான் உள்ளே ஓடினேன். மாமா குண்டூசி குத்திய பக்கங்களைப் பிரித்தேன். எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியமே இல்லை, படமே சொன்னது. வலப்பக்கமிருந்து பார்த்ததை வலப்பக்கத்திலேயே வரைந்திருந்தார்கள். மேலிருந்து பார்த்ததை மேலே. வாப்பா பரீட்சையில் பார்த்தது இதுதான். சவூதிக் கம்பெனியை நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது முதலிலேயே தெரியும். அதை மாமா விடச் சொன்ன பாடத்தோடு சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாடத்தின் கடைசியில் ஒரு சின்னக் குறி போட்டிருந்தது. இரண்டு வட்டம், பக்கத்தில் தலை வெட்டிய ஒரு கூம்பு. இந்தக் குறி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் எந்த வழக்கத்தில் வரைந்த படம் என்று தெரிந்துவிடும்.

"இது அங்கன மூலையில இருந்துச்சே" என்றார் வாப்பா. "கம்பெனி முத்திரைன்னு நெனச்சேன்."

"நீங்க தப்பாப் படிக்கலை வாப்பா. சரியாத்தான் படிச்சீங்க. படம்தான் வேற வழக்கம்."

வாப்பா எழுந்தார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார். என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். டீசல் வாடை போய், கையில் சவுக்கார வாடை அடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது நான் புத்தகத்தை எதிரே விரித்து வைத்தேன். குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அது என்னாலதான் போச்சு மச்சான். ஏஜென்ட்கிட்ட நானே பேசுறேன், இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லி" என்றார். சொன்னபடி பேசவும் செய்தார். படித்த ஆட்களில் அப்படிச் சொல்பவர்கள் இப்போதும் குறைச்சல்தான்.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உம்மா காதிலும் விழுந்தது.

"எம் மீனைப் பாத்தா கண்டுபிடிச்ச?"

"ஆமா உம்மா."

அந்தக் கச்சான் காலம் முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு மீன்கூடப் பிளக்கவில்லை. கருவாட்டைக் கடையில் வாங்கினோம்.

படிப்பதைவிட மறப்பது கஷ்டம். வாப்பாவின் கை உருட்டுக்குப் பழகிவிட்டது. பிளப்புக்கு மாற்ற வேண்டும். பிளப்பு என்பது நாங்கள் அந்த அமெரிக்க வழக்கத்துக்கு வைத்த பெயர். படத்தைக் கொடுத்ததும் அவர் கை தானாக உருட்டும். நான் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவேன். "ஏலே, மறுபடி உருட்டுறியே" என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவேன். பாயில் அவர் தயாராக இருப்பார். காற்று அடிக்கும், தாள் படபடக்கும், அவர் கால் ஆடும். என் வாழ்நாளில் அவரோடு அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பாஸாக வேண்டும், பாஸாக வேண்டும் என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பரீட்சைக்குத் தேதி வந்ததும் உம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஏர்வாடி தர்காவுக்குப் போனாள். நான் இரண்டு கையையும் ஏந்தி, வாப்பா பாஸாக வேண்டுமென்று சத்தமாகவே துஆ கேட்டேன். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து மணலில் நடக்கும்போது கேட்டேன்.

"நீங்களும் அதைத்தானே கேட்டீங்க?"

"நான் கேட்டது எனக்கும் படைச்ச ரப்புக்கும். ஒனக்கு எதுக்கு?"

வாப்பா பாஸானார். கடைத்தெருவில் போன் இருந்த கடைக்குச் சேதி வந்து, மாமா மூச்சு வாங்க ஓடி வந்தார். வலக்கைத் துண்டு கேட்டார்களாம், வலக்கைத் துண்டே வந்ததாம். கூடப் போன ஆட்களில் குறியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியவர் வாப்பா ஒருவர்தானாம். தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு லாத்தா சீனி கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டாள். நான் குதித்தேன். கொல்லைக்கும் வாசலுக்கும் ஓடினேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

உம்மா அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். அவள் வாயிலும் லாத்தா சீனி போட்டிருந்தாள். அதை விழுங்கிவிட்டுத் தம்பியிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

"எப்ப?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள போகணும்க்கா."

நான் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதுவரைக்கும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பாஸாவதற்குத்தான் படித்தோம். பாஸானதும் வாப்பா போய்விடுவார் என்பது யாரும் மறைக்காத விஷயம். விசா, விமானம், சவூதி என்று தினமும் வீட்டில் பேசியதுதான். இருந்தும் அது எனக்குள் இறங்கியதே இல்லை. உம்மாவுக்கு முதல் நாளிலிருந்து தெரியும். அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் முழுப் படத்தையும் பார்த்தவள்.

அப்புறம் எல்லாம் ஓட்டம். பெட்டி வாங்கினார்கள், சட்டை தைத்தார்கள், ஊறுகாயை எண்ணெய் கசியாமல் கட்டினார்கள். வாப்பாவைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அவர் மறுபடி நின்றுகொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். பாய் சுருட்டி மூலையில் நின்றது. நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்து பெயர்த்தது இல்லை. என் தலையிலிருந்து நானே உண்டாக்கினேன். அதுவரை நான் வரைந்ததெல்லாம் காப்பிதான். இதுதான் என் முதல் சொந்தப் படம். முன்னால் சரிவு, சரிவுக்குள் ஒரு குடைவு, குடைவுக்குள் ஓட்டை, ஓட்டை பாதியில் சின்னதாகி மறுபக்கம் வெளியே வரும். புள்ளிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அழித்து அழித்துத் தாள் மெலிந்துவிட்டது. யாராலும் படிக்க முடியாத படமாக அது இருக்க வேண்டும் என்று வெறியோடு வரைந்தேன். எதற்காக என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர் கிளம்பும் நாள், சாயங்கால ரயிலுக்கு முன்னால், மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கொஞ்சம் கலைந்த நேரத்தில் அந்தத் தாளை அவரிடம் நீட்டினேன். புதுச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தார். ஆக்ஸா பிளேடைத் தேடுவார், சவுக்காரம் கேட்பார், பாயை விரிக்கச் சொல்வார், தப்பாக அறுப்பார், மறுபடி அறுப்பார், ரயில் போய்விடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றையும் தேடவில்லை. செய்தித்தாளைப் படிப்பதுபோலப் படித்தார்.

"முன்னால சரிவு. அதுக்குள்ள குடைஞ்சிருக்கு. ஓட்டை இங்கன பெருசாப் போயி அங்கன சிறுசா வெளிய வருது. இந்தப் புள்ளிக்கோடு ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு கெடக்கு, அதனால ஒன்னுதான்னு தோணும். ரெண்டு. சரியா புள்ள?"

அப்படியே இருந்தது. ஒரு மயிரிழை பிசகில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்லிக்கொடுத்தவளிடம் சபாஷ் வாங்கக் காத்திருக்கும் முகம். அந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"சரி வாப்பா" என்றேன்.

அவர் தாளை மடித்துப் புதுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். ராமநாதபுரம் பஸ் வந்தது. பெட்டியை மாமா மேலே ஏற்றினார். வாப்பா தங்கச்சியை முத்தமிட்டு, உம்மாவிடம் ஸலாம் சொல்லி, என் தலையில் கை வைத்துவிட்டு ஏறினார். கச்சான் அடங்கியிருந்த நேரம். பஸ் கிளப்பிய தூசி நகராமல் தெருவிலேயே நின்றது.

ஆட்கள் போன பிறகு உம்மா கதவைச் சாத்தினாள். தங்கச்சியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். படத்தைப் பற்றிய எங்கள் பேச்சை அவள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றாள்.

"சரியாத்தானே உம்மா சொன்னாக."

"சரியாத்தான் சொன்னாக" என்றாள் உம்மா. அப்படியே கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.